பிறையும் கிரகணமும் கைபேசிக் கேமராவும்

ரமளானோ பெருநாளோ நெருங்கும்போது, பிறை 29 அன்று மாலை நம் கைபேசிகளுக்கு ஓய்வே இருப்பதில்லை. மக்ரிப் ஜமாஅத் முடிந்து செருப்பைத் தேடுவதற்குள் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் பிறைப் படம் வந்து விழுந்துவிடுகிறது. யார் எடுத்தது, எந்த ஊரில் எடுத்தது, இன்று எடுத்ததுதானா என்று யாரும் கேட்பதில்லை. அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. பிறகு தராவீஹ் உண்டா இல்லையா, சமையலுக்கு அரிசி ஊறப்போடுவதா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு குழப்பம். ஒரே தெருவில் இரண்டு பெருநாள் வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் மார்க்கச் சட்டம் சார்ந்தவற்றை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம். ஆனால் பொய்ப் படமும் பழைய படமும் உண்டாக்கும் குழப்பத்தை நம் வீட்டுப் பிள்ளைகளே தடுத்துவிடலாம். நிலாவைத் தன் கையால் நாலு முறை படம் எடுத்துப் பழகிய பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஓர் அளவு. வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால், விரலின் அகலத்தில் பாதிகூட நிலாவுக்கு வராது. நாம் பெரிதாகப் பார்ப்பதாக நினைக்கிறோம், கேமரா அப்படி நினைப்பதில்லை. சாதாரணக் கைபேசியின் முதன்மை லென்ஸில் எடுத்த படம் 4000 புள்ளி அகலம் இருந்தால், அதில் முழுநிலாவுக்குக் கிடைப்பது 30 புள்ளிக்கும் குறைவு. முழுநிலாவுக்கே இந்தக் கதி என்றால் தலைப்பிறை ஒரு மயிரிழைதான். ஆகவே கைபேசியில் எடுத்ததாகச் சொல்லி, திரை நிறையப் பளிச்சென்று ஒரு பிறை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். அது பெரிய லென்ஸில் எடுத்ததாக இருக்கும், இல்லையேல் இணையத்தில் எடுத்ததாக இருக்கும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இப்போது வரும் சில கைபேசிகள் நிலாவை அடையாளம் கண்டுகொண்டு, லென்ஸ் பிடிக்காத விவரங்களையும் தாமே நிரப்பிக் கொடுக்கின்றன. மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, அதைக் கைபேசியால் எடுத்துப் பார்த்தவர்கள், இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அழகுக்குச் சரி. பிறை பார்த்தேன் என்று சொல்வதற்கு அந்தப் படம் உதவாது. கேமரா அமைப்புகளில் காட்சியைத் தானே மேம்படுத்தும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் அது உள்ளதைக் காட்டும்.

தலைப்பிறையை எடுப்பது

பிறை நிற்பது மேற்கில், சூரியன் மறைந்த இடத்துக்கு அருகில். காயல்பட்டினம், நாகூர் போன்ற நம் கீழைக் கடற்கரை ஊர்களில் கடல் இருப்பது கிழக்கே. பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். எதிரே வீடுகளும் தென்னையும் புகை மூட்டமும் மறைக்கும். அதைவிட மேற்கே திறந்த ஓர் உயரமான மொட்டைமாடி மேல்.

எந்த நேரம் பார்ப்பது? சூரியன் மறைவதற்கும் நிலா மறைவதற்கும் இடையிலுள்ள நேரத்தை ஒன்பது பங்காக்கினால், நான்காம் பங்கு முடியும் வேளைதான் பிறை காண மிகத் தோதானது என்பது வானியலாளர்களின் கணக்கு. நிலா 45 நிமிடம் கழித்து மறைகிறது என்றால், சூரியன் மறைந்து 20 நிமிடம். அதற்கு முன் வானம் வெளுத்திருக்கும், பின்னால் பிறை அடிவானப் புழுதியில் இறங்கிவிடும். மக்ரிப் ஜமாஅத்தை விட்டுவிட்டு மாடியில் நிற்க வேண்டியதில்லை என்பது இதில் நமக்கு ஒரு சௌகரியம். தொழுதுவிட்டு வந்தாலே நேரம் சரியாக இருக்கும்.

கைபேசியை முக்காலியில் வையுங்கள். அது இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரில் ஓர் அரிசிப் பையை வைத்து அதன்மேல் சாய்த்து வையுங்கள். தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தையோ மினாராவையோ விரலால் தொட்டு அழுத்திப் பிடித்தால் குவியம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். திரையைத் தொடும்போது கைபேசி ஆடும், ஆகவே மூன்று வினாடி டைமரைப் போடுங்கள். பைனாகுலர் இருந்தால் பிறையைத் தேட அது பெரிய உதவி. ஆனால் சூரியன் முழுதும் மறைந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டுதான் அதைக் கண்ணில் வைக்க வேண்டும். இதில் ஒரு நிமிட அவசரமும் கூடாது.

மொட்டையாக வானத்தை மட்டும் எடுக்காதீர்கள். நம் பள்ளிவாசல் மினாராவோ ஒரு பனைமரமோ ஓரத்தில் வரட்டும். அப்போதுதான் படம் எந்த ஊர், எந்தத் திசை என்று பிறர் சரிபார்க்க முடியும். ஐந்து நிமிடம் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுங்கள். அதற்குள் நிலா தன் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கீழே இறங்கியிருக்கும், வடிவம் மாறியிருக்காது. விமானம் விட்டுப்போன புகைக்கோடும், வெயில் பட்ட மேகத் துணுக்கும் அப்படி இருக்காது. அவை கலையும் அல்லது பக்கவாட்டில் நகரும். பிறை என்று நம்பி ஆட்கள் உறுதியாகச் சொல்லிவிடும் பல காட்சிகள் இந்த இரண்டு வகையைச் சேர்ந்தவைதான்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் படத்தைக் கொடுப்பதாக இருந்தால் எடுத்த கைபேசியையே கொண்டுபோய்க் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம், இடம் பற்றிய குறிப்புகளும் போய்விடும். கட்டாயம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

வந்து விழும் படங்களை எப்படிப் பார்ப்பது? பிறையின் ஒளிபட்ட பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் பக்கத்தை நோக்கியிருக்கும். மாலைப் பிறையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டதால் ஒளி கீழ்ப்புறமாகவும் கொம்புகள் மேல்நோக்கியும் இருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் ஊர்ப் பிறை பெரும்பாலும் படகுபோல் படுத்திருக்கும். கொஞ்சம் சாய்வதும் உண்டு. கொம்புகள் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தால் அந்தப் படத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம் மின்னினால் அது கொடியிலும் வாழ்த்து அட்டையிலும் மட்டுமே நடக்கும். அந்த இடம் காலியான வானம் அல்ல, அங்கேதான் நிலாவின் இருண்ட உடம்பு இருக்கிறது, அதைத் தாண்டி எந்த நட்சத்திரமும் தெரிய முடியாது. வாழைப்பழம்போல் தடித்த பிறை என்றால் அது இரண்டு மூன்று நாள் வயதுடையது. முதல் மாலைப் பிறையில் ஒளிபட்ட பகுதி நிலா வட்டத்தில் ஓரிரு சதவீதம்தான்.

கண்ணுக்குத் தெரியாத பிறையைக் கேமரா பிடித்துவிடும் என்பதும் உண்மைதான். சூரியனுக்கும் நிலாவுக்கும் இடைவெளி 7 டிகிரிக்குக் குறைந்தால் பிறை கண்ணுக்குப் புலப்படாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தாஞ்சோன் 1930களில் கணித்தார். அவர் நாட்டவரான தியெரி லெகோ, 2013 ஜூலை 8 அன்று, அமாவாசை நிகழும் அதே நொடியில், நிலா சூரியனிலிருந்து நாலரை டிகிரிக்கும் குறைவான தொலைவில் இருக்கையில், பட்டப்பகலில் பிறையைப் படமெடுத்துக் காட்டினார். சூரிய ஒளியைத் தடுக்க முன்னால் ஒரு மறைப்பு, அகச்சிவப்பு வடிகட்டி, பல படங்களைக் கணினியில் அடுக்கிச் சேர்ப்பது என்று அதற்குப் பெரிய ஏற்பாடு. அது அந்த ஆண்டு ரமளானுக்கு முந்தைய அமாவாசை என்பதைக் கவனியுங்கள். மனிதக் கண் எங்கிருந்தும் காண முடியாத பிறை ஒன்று கேமராவில் இருக்கிறது. அதைக் கண்டதாகக் கொள்ளலாமா? இது ஃபிக்ஹ் கேள்வி, விடை சொல்வது நம் வேலையில்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், படம் என்பது பிறை தேடுகிறவருக்கு ஒரு துணை. சாட்சி சொல்ல வேண்டியவர் மனிதர். முடிவு சொல்ல வேண்டியது ஜமாஅத்தும் காஜியும். குழுவில் வந்த படத்தை வைத்துக்கொண்டு இமாமிடம் வாக்குவாதம் செய்வது எந்த வகையிலும் சேராது.

சந்திர கிரகணம்

பயிற்சிக்கு இதைப்போல் நல்ல சந்தர்ப்பம் வேறில்லை. கண்ணுக்கு எந்தத் தீங்கும் கிடையாது, கைக்குழந்தையும் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 7 இரவு நம் நாடு முழுவதும் தெரிந்த கிரகணம் 9.57க்குத் தொடங்கியது. 11.01 முதல் 12.23 வரை 82 நிமிடம் நிலா முழுக்கச் சிவந்திருந்தது. 1.26க்கு விட்டது. மூன்றரை மணி நேரம் என்பதால் படம் எடுக்கவா, தொழவா என்ற கேள்விக்கே இடமில்லை. தொடக்கத்தில் இரண்டு படம், சிவந்ததும் இரண்டு படம் எடுத்தால் போதும். மீதி நேரம் கிரகணத் தொழுகைக்கும் துஆவுக்கும் தாராளமாக இருக்கிறது. தொழுகையின் நடுவே கைபேசியைக் கையில் வைத்திருப்பவரைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லப்போவதில்லை.

கையில் கேமரா உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: நிலா வெயிலில் கிடக்கும் பாறை. அதை இரவுக் காட்சி என்று நினைத்து எடுத்தால் வெள்ளைப் பொட்டுதான் வரும். துளை எஃப் 11, ஐஎஸ்ஓ 100, வேகம் நூறில் ஒரு வினாடி என்று வைத்தால் முழுநிலா சரியாக வரும். கிரகணம் முழுமையானதும் நிலா பல்லாயிரம் மடங்கு மங்கிவிடும். அப்போது துளையை முடிந்தவரை திறந்து, ஐஎஸ்ஓவை 800 ஆக்கி, ஒரு வினாடி முதல் நான்கு வினாடி வரை மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் நிலா நகர்ந்து படம் கலங்கும். லென்ஸின் குவிய நீளத்தை 110ஆல் வகுத்தால், உணரியில் விழும் நிலாவின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 300 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டர்.

நிலா கறுக்காமல் ஏன் சிவக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூமியின் நிழலுக்குள் போனாலும், பூமியைச் சுற்றியுள்ள காற்று சூரிய ஒளியை வளைத்து உள்ளே அனுப்புகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் சேருகிறது. அந்த நேரத்தில் பூமியில் எங்கெங்கு ஃபஜ்ரை ஒட்டிய செம்மையும், எங்கெங்கு மக்ரிபை ஒட்டிய செம்மையும் உண்டோ அத்தனையும் ஒன்றாக நிலாவின்மேல் விழுகிறது.

இதே கிரகணத்தை வைத்து நம் முன்னோர் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். கி.பி. 997 மே 24 அன்று நடந்த சந்திர கிரகணத்தை அல்பீரூனி குவாரிஸ்மின் காத் நகரிலும், அபுல் வஃபா பக்தாதிலும், முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு பார்த்தார்கள். கிரகணம் எல்லோருக்கும் ஒரே கணத்தில்தான் நிகழ்கிறது, ஊர்நேரம்தான் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்து இரண்டு ஊர்களின் தீர்க்கரேகை இடைவெளியைக் கணக்கிட்டார்கள். துபாயில் இருக்கும் அண்ணனும் ஊரில் இருக்கும் தங்கையும் கிரகணத்தை ஒரே நேரத்தில் படமெடுத்து ஒப்பிட்டால், இதைச் சிறிய அளவில் தாங்களே செய்து பார்க்கலாம்.

கர்ப்பிணிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கிரகணம் என்றால் கர்ப்பிணியை அறையில் அடைப்பது, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைப்பது, கத்தியைத் தொடவிடாமல் செய்வது ஆகியவை நம் வீடுகள் சிலவற்றிலும் நுழைந்திருக்கின்றன. கிரகணத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. பட்டினியாலும், வேளைக்கு மாத்திரை போடாததாலும் ஆகும். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது, குழந்தையின் இறப்புக்காகவே அது பிடித்ததாக மக்கள் பேசிக்கொண்டார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று அன்றைய துக்கத்திலும் அவர்கள் திருத்தினார்கள். வானியல் கணக்குப்படி கி.பி. 632 ஜனவரி 27 அன்று மதீனாவில் ஒரு சூரிய கிரகணம் தெரிந்திருக்கிறது.

சூரிய கிரகணம்

இங்கே விளையாட்டுக்கே இடமில்லை. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்து நடுப்பார்வையில் ஒரு கறை தெரியும். அது சிலருக்கு மெல்லக் குறையும், சிலருக்குக் கடைசிவரை நிற்கும். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், குறுந்தகடு, புகை பிடித்த கண்ணாடித் துண்டு எதுவும் பாதுகாப்பில்லை. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் அப்படியே. அல்பீரூனி நீரில் பிம்பம் பார்ப்பதைத்தான் பரிந்துரைத்தார், இளமையில் சூரிய கிரகணங்களை நேரே நோக்கியதால் தம் பார்வை பலவீனப்பட்டதையும் எழுதியிருக்கிறார். ஆனால் அமைதியான நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பும் கண்ணுக்கு அதிகம்தான் என்பது இன்று தெரியும். ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரக்குறி உள்ள கிரகணக் கண்ணாடி, அல்லது 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி, இவை இரண்டும் போதும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பது கூடவே கூடாது, கண்ணாடியே எரிந்துவிடும். மலிவுத் தொலைநோக்கிப் பெட்டியில் கண்ணருகே திருகும் ஒரு சின்னக் கறுப்புக் கண்ணாடி வரும். அதை இன்றே எடுத்துக் குப்பையில் போடுங்கள். சூட்டில் பட்டென்று வெடிக்கக்கூடியது அது.

கைபேசியில் எடுப்பதானால் லென்ஸுக்கு முன்னால் கிரகணக் கண்ணாடியை ஒட்டிவைத்து எடுக்கலாம். எங்களுக்குக் கவலை கைபேசியைப் பற்றியல்ல. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, சரியாக வைத்திருக்கிறோமா என்று ஓரக்கண்ணால் நேரே சூரியனைப் பார்த்துவிடும். ஆகவே சிறு பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இடியாப்ப அச்சு. அதை வெயிலில் பிடித்து, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் நிழலைப் பாருங்கள். ஒவ்வொரு துளை வழியாகவும் சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குட்டிச் சூரியன், கடித்த வடிவத்தில் விழும். வேப்பமரத்தடியிலும் இலை இடுக்குகள் வழியாக இதே பிறைகள் தரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு இதைப் படமெடுக்கலாம். படமும் மிக அழகாக இருக்கும். இந்தத் துளைப் பிம்பத்தைக் கிரகண நேரத்தில் ஆராய்ந்து, துளையின் அளவு எவ்வளவு இருந்தால் பிறை வடிவம் தெளிவாக விழும் என்று தனி நூலே எழுதியவர் பஸராவில் பிறந்த இப்னு அல்ஹைதம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். கேமரா என்ற கருவியின் வரலாற்றில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளில் தெரிந்த வளைய கிரகணம் பலருக்கு நினைவிருக்கும். அடுத்து 2031 மே 21 அன்று கேரளத்தையும் மதுரை உட்பட தென்தமிழகத்தையும் ஒரு வளைய கிரகணம் கடக்கிறது. முழுச் சந்திர கிரகணத்துக்கு 2028 டிசம்பர் 31 இரவைக் குறித்துவையுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. முழுச் சூரிய கிரகணத்தின் பாதை ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து வழியாக ஜித்தாவையும் மக்காவையும் கடந்து ஏமன், சோமாலியா போகிறது. எகிப்தின் லக்ஸர் அருகே முழுமை 6 நிமிடத்துக்கும் மேல், மக்காவில் லுஹருக்குப் பின் சுமார் 5 நிமிடம். உம்ராவுக்குப் போகிறவர்களும் ஜித்தாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் கிரகணக் கண்ணாடியை முன்பே வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். சூரியன் முழுக்க மறைந்த அந்தச் சில நிமிடங்கள் மட்டும் கண்ணாடி தேவையில்லை. ஓரத்தில் ஒளி எட்டிப்பார்த்த நொடியே மீண்டும் அணிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் அன்று மாலை, அஸர் வேளையை ஒட்டிப் பகுதி கிரகணம்தான். அதற்குக் கண்ணாடியைக் கழற்றும் நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

சூரிய கிரகணம் என்பது அமாவாசையைக் கண்ணால் காண்பதுதான். அன்று மாலை நம் ஊரில் நிலா சூரியனோடு சேர்ந்தே மறைந்துவிடும், ஆகவே ஆகஸ்ட் 2 மாலை இங்கே பிறை எடுத்ததாகப் படம் வந்தால் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். மறுநாள் ஆகஸ்ட் 3 மாலை, நிலா சூரியன் மறைந்த பின் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மேற்கே நிற்கும். ஸஃபர் முடிந்து ரபீஉல் அவ்வலுக்கான பிறை அது. மேகம் இல்லாவிட்டால் கைபேசிக்கே கிடைக்கும். பிள்ளைகள் எடுத்த படங்களை, மினாராவோ மரமோ ஓரத்தில் தெரியும்படி, எடுத்த நேரத்தோடு அறக்கட்டளை அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுக்கலாம், அடுத்த இதழில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.